தண்ணி எத்தன மணிக்கு

தொண்ணூறடிச் சாலை, தாராவி. மே மாதம்.
தகரக் கூரைக்குக் கீழே அறுபது பிள்ளைகள், ஒரே மின்விசிறி.
புரொஜெக்டர் சூடேறி இரண்டு முறை அணைந்துவிட்டது.
படமில்லாமலே சொல்கிறேன்:
பனி வெள்ளை மட்டுமில்லை;
பிளவுக்குள் எட்டிப் பார்த்தால் நீலம்,
நம் கூரைத் தார்ப்பாய் நீலம்.
இரவே வரவில்லை. சூரியன்
வட்டிக்காரன் மாதிரி வாசலிலேயே நின்றான்.

பின்வரிசையில் இசக்கிப்ரியா எழுந்தாள்.
"அக்கா, அங்க தண்ணி எத்தன மணிக்கு வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள்.
கண்ணுக்கெட்டிய தூரம் வரை
நல்ல தண்ணீர்தான், கல்லாக.
ஒரு குடம் உருக்க
அடுப்பின் முன் மணிக்கணக்கில்
முறை வைத்து உட்கார்ந்தோம்.
மற்றவர்களுக்குப் பொறுமை போனது.
எனக்குப் பழக்கம்:
கால் மரத்தாலும்
இடத்தை விடாமல் நிற்பது,
இந்தச் சந்துக் குழாயடியில் கற்றது.

அவள் இன்னும் உட்காரவில்லை.
"அப்ப அது உருகுனா
நம்ம குழாய்க்கு வருமா?"

மாஹிம் கழிமுகம் இருக்கும் திசையைப் பார்த்தேன்.
"குழாய்க்கு வராது.
வாசலுக்கு வரும்."

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.

பிறகு என் பையிலிருந்த கையுறைகளை
அவளே எடுத்து மாட்டிக்கொண்டாள்.
முழங்கை வரை வந்தன.
வியர்த்து வழிந்தது;
கூட்டம் முடிந்தும்
கழற்றவில்லை.