கிட்டப்பார்வை

மூவாயிரம் கொருனா.
இரவு ஷிப்டுக்குத் தனியாகத் தருகிற படிக்காசை
நான்கு மாதம் தொடாமல் வைத்ததில் சேர்ந்தது.
அது ஒரு பையில்,
டிராம் இன்னொரு பையில்.
ஒஸ்ட்ராவாவில் தூறல்.

டிராம் என்றால்
நான் ஓட்டுகிற அந்தப் பதினான்கு மீட்டர் அல்ல.
அதை எண்பத்தேழால் வகுத்தால் வரும் ஈவு.
ஒரு சாணுக்கும் குறைவு.
மகனின் பழைய சாப்பாட்டு டப்பாவில்
பஞ்சு சுற்றிப் படுத்துக்கொள்ளும்.

கைபேசியில் எடுத்துப் பார்த்தாயிற்று.
மூக்கு பெருத்து வால் சூம்பி
ஏதோ கெளுத்தி மீன் தண்டவாளம் ஏறிய மாதிரி.

ஓல்ட்ரிஹின் கடையில் இருப்பதெல்லாம்
யாரோ பார்த்து முடித்துவிட்டுப் போன கண்கள்.
கனமான ஒன்றை இரண்டு கையாலும் எடுத்தார்.
"இதுதான் கேமரா" என்றார்,
மற்றதெல்லாம் அதன் பொம்மைகள் என்பதுபோல.

பில் புத்தகத்தைச் சாலையாகப் போட்டு
வண்டியை நிறுத்தினோம்.
திரையில்
முன்விளக்கு மட்டும், அதன் கண்ணாடி வளையத்தோடு,
இவ்வளவு துல்லியமாய் நான்கூடப் பார்த்ததில்லை.
முதல் கதவிலேயே பனி இறங்கிவிட்டது.
நடு இருக்கைகள் ஆவி.
கடைசிக் கதவு எங்கேயோ
வெளிர்நீலமாய் ஒரு நினைப்பு.

"அழகு" என்றார்.
அழகுதான்.
ஆனால் நான் டிராம் ஓட்டுகிறவள்.
கடைசிக் கதவு தெரியாமல் மணியடிக்க மாட்டேன்.

அதன் விலை எட்டாயிரம். லென்ஸ் தனி.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று சொல்லாமல்
மழையைப் பார்த்தேன்.

அடுத்தது கையடக்கம்.
ஒரு சென்டிமீட்டர் வரை கிட்டே போகுமாம்.
போனது.
போய்த் தன் நிழலையே
வண்டியின் மேல் போட்டுக்கொண்டு
இருட்டாக இருக்கிறதே என்றது.

மூன்றாவதை அவர் எடுக்கவில்லை.
நான்தான் கேட்டேன்:
கீறல் விழுந்த வெள்ளி உடம்பு,
பாட்டரி மூடிக்கு ஒரு ரப்பர் பாண்டு.
உள்ளே ஒளி விழுகிற சில்லு
உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே.
"இதற்குப் பின்னணியை மங்கலாக்கத் தெரியாது, திருமதி."

தெரிய வேண்டாம்.

ஒரு முழம் தள்ளி வைத்தோம்.
எட்ட நின்று ஜூமை இழுத்து,
கை நடுக்கம் ஏறாதிருக்க
இரண்டு விநாடி தாமதம் வைத்து
மூச்சைப் பிடித்து
(அவரும் பிடித்தார், பார்த்தேன்)
க்ளிக்.

முன்விளக்கு இருந்தது.
நடு இருக்கைகள் இருந்தன.
பின்கதவில், ஒற்றை மயிர்த் தூரிகையால்
நான் எழுதிய வண்டி எண்
படிக்கிற மாதிரி இருந்தது.

கூரையில் ஒரு கோடு.
மின்கம்பி என்றார் ஓல்ட்ரிஹ்.
கம்பி இன்னும் போடவில்லையே.
பெரிதாக்கினோம். இன்னும் பெரிதாக்கினோம்.
என் தலைமுடி.
நரைத்தது, ஒன்று,
வார்னிஷுக்கு அடியில் வளைந்து
ஒரு திருப்பத்தைப் போலப் படுத்திருந்தது.
ஏழு மாதமாய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு
பார்த்த கூரை அது.

"கணினியில் அழித்துவிடலாம்" என்றார் மெதுவாக,
என்னவோ என்னைக் குற்றம் சொல்லிவிட்டதுபோல.

இரண்டாயிரத்து நூறு கேட்டார்.
ரப்பர் பாண்டைக் காட்டினேன்.
ஆயிரத்து எண்ணூறு.
மீதியில் இரண்டு மேசை விளக்கு,
வெளிச்சத்தைத் தணிக்க
கேக் சுடும்போது அடியில் விரிக்கிற தாள் ஒரு சுருள்.
நிறுத்தம் வரை வந்த பிறகுதான்
சார்ஜர் கேட்கவில்லை என்று உறைத்தது.
திரும்பி ஓடினேன், டப்பாவை அசைக்காமல்.
அதற்கு இருநூறு. அதில் பேரம் இல்லை என்றார்.

இப்போது அதிகாலை நாலேகால்.
கடைசி நிறுத்தத்தில் என் வண்டி காலி.
கண்ணாடியில் பின்கதவைப் பார்க்கிறேன்:
ஒரு குடை, யாரோ விட்டுப் போனது,
அங்கிருந்தே அதன் கைப்பிடியின் வெடிப்புவரை தெரிகிறது.

முடியைச் சுரண்டினால்
கூரை பெயிண்டும் சேர்ந்து வரும்.
ஞாயிறு அன்று யோசிக்கலாம்.
மணியடிக்கிறேன்.