ஒன்பதாவது இலக்கம்

வங்கி வீட்டுக்கடனை மறுத்த மறுநாள்
என் கடன் அறிக்கையைப் பதினோரு பக்கமாக
அலுவலக அச்சுப்பொறியில் திருட்டுத்தனமாய் எடுத்தேன்.
சாட்ஸ்வொர்த் போகும் பேருந்தில்
ஜன்னல் வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து வாசித்தேன்,
அடுத்த வீட்டுக் கடிதத்தைப் பிரித்தவள் போல.

பெயர் என்னுடையது. கோகிலம் படையாச்சி.
பிறந்த தேதி என்னுடையது.
அதற்குக் கீழே
பீனிக்ஸில் ஒரு வீட்டு விலாசம்.
அந்தத் தெருவில் நான் கால் வைத்ததில்லை.
ஓவர்லாக் தையல் இயந்திரம், இருபத்துநான்கு தவணை,
பத்தொன்பதில் நின்றுபோயிருக்கிறது.
குழந்தைக் கட்டில் ஒன்று. பாக்கி ஐந்து.
ஜனவரிதோறும் பள்ளிச் சீருடை,
ஒவ்வொரு வருடமும் ஒரு அளவு பெரிதாக.
பிறகு ஒரு ஜூன் மாதம், ஒரே வாரத்தில்
மூன்று வெவ்வேறு கடைகளில் மூன்று சிறுகடன்.
ஒரே வாரத்தில் மூன்று இடத்தில் கைநீட்டுகிறவள்
புடவை எடுக்கப் போயிருக்க மாட்டாள்.
கடைசியில் வெருலம் நீதிமன்றம், தீர்ப்பு,
எதிர்வாதி வரவில்லை.

எனக்குப் பிள்ளை இல்லை.
ஊசியில் நூல் கோர்க்கவும் வராது.

தொலைபேசியில் நாற்பது நிமிடம் அதே வயலின்.
வந்த பையனுக்குக் குரலே இன்னும் உடையவில்லை போலிருந்தது.
'மேடம், இரண்டு பேரும் ஒரே நாளில் பிறந்திருக்கிறீர்கள்.
ஒன்பதாவது இலக்கம் உங்களுக்கு நான்கு,
அவங்களுக்கு ஏழு, கடைசி இலக்கமும்'
என்றவன் சட்டென்று நிறுத்தினான்.
அதைச் சொல்லியிருக்கக் கூடாதாம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள்.
இங்கே பாவம் என்று எதையும் நான் காணவில்லை.
தவணைதான் இருந்தது.

காவல் நிலையத்தில் பிரமாணப் பத்திரம்.
கான்ஸ்டபிள் டூபே முத்திரையில் மை இல்லாமல்
மூன்று முறை குத்தினார்.
வலது கையை உயர்த்தச் சொன்னார்.
நான் நான்தான் என்று
மின்விசிறி ஓடாத அறையில் சத்தியம் செய்தேன்.

படிவம் காரணம் கேட்டது, இருநூறு எழுத்துக்குள்.
'இவை என் கடன்கள் அல்ல' என்று எழுதினேன்.
மிச்சம் நிறைய எழுத்துகள் இருந்தன.
'அவளுடையவை' என்று எழுத வாய்ப்பிருந்தது.
கேட்காததால் எழுதவில்லை.

இருபது வேலை நாட்கள்.
ஏழாம் நாள் இரவு மின்வெட்டு.
மெழுகுவர்த்தியைத் தேடும்போது தோன்றியது:
அவள் பாக்கி என் மேல் விழுந்தது சரி.
நான் நாள் தவறாமல் கட்டிய ஃபிரிட்ஜ் தவணை
எங்கே போய் விழுந்தது?
ஏதோ ஒரு கடைக் கணினியில்
என் ஒழுங்கைக் காட்டித்தானா
அந்தத் தையல் இயந்திரம்
அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது?
அப்படியென்றால் அந்தப் பத்தொன்பது தவணையில்
நானும் கொஞ்சம் மிதித்திருக்கிறேன்.
அப்படியென்றால் இப்போது
அதன் கீழிருந்து காலை எடுத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் எடுத்தேன். எனக்கும் வீடு வேண்டும்.
வாடகை வீட்டுக்காரர் மொகம்பரி செட்டி
ஆகஸ்டுக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.
புகாரைத் திரும்பப் பெற்றேன் என்று
எழுதினால் இந்தக் கவிதை அழகாகியிருக்கும்.

பத்தொன்பதாம் நாள் குறுஞ்செய்தி.
பிழை திருத்தப்பட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.
புதிய அறிக்கை நான்கே பக்கம்.
ஃபிரிட்ஜ், கைபேசி, ஒரு துணிக்கடைக் கணக்கு.
அதில் ஒரு மாதம் மட்டும் தாமதம் என்று சிவப்பில்.
அது பிழையில்லை.
அந்த மாதம் ரத்தினவேலு
பெட்டியோடு ஜோகன்னஸ்பர்க் போனான்.
நான் கட்டிலில் படுத்திருந்தேன்,
எந்தக் கடிதத்தையும் பிரிக்கவில்லை.
நாற்பத்தாறு வருடத்தில்
உண்மையான வரி அது ஒன்றுதான் என்று பட்டது.

பழைய பதினோரு பக்கத்தைக் கிழித்துவிடச் சொன்னார்கள்.
அலுவலகத்தில் அதற்கொரு இயந்திரமும் இருக்கிறது.
இன்னும் சமையலறை இழுப்பறையில்தான் கிடக்கிறது,
மின்சாரக் கட்டண ரசீதுகளுக்கு அடியில்.
ஐந்து தவணை பாக்கி வைத்த அந்தக் கட்டிலில்
குழந்தை இந்நேரம்
கால் நீட்ட இடமில்லாமல் வளர்ந்திருக்கும்.