குளவிக்கு விட்ட இடம்

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த கையோடு
வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார் ஜெபசிங்.
மின்வாரியத்தில் அவருக்கு ஒரு வாரம் லீவு,
தபாலாபீசில் எனக்கும்.

நுங்கு நிறம் வேண்டுமென்று சொல்லித்தான் அனுப்பினேன்.
சமாதானபுரம் கடையில்
மிஷினில் போட்டுக் குலுக்கிக் கொடுத்தது
நீர்மோர் நிறம்.
"காஞ்சா சரியாயிரும்ட்டி" என்றார்.
காய்ந்தது.
கொஞ்சம் புளித்த மோர்.

பீரோ, கட்டில், தையல் மிஷின் எல்லாம்
நடுவீட்டில் கூட்டம் போட்டிருந்தன.
கிரைண்டரில் சாய்ந்துகொண்டு
பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலைப்
புரட்டிக்கொண்டிருந்தாள் பியூலா.
சோற்றுத் தட்டை வைக்க இடமில்லாமல்
தையல் மிஷின் மேலே வைத்துத் தின்றோம்.
மிதித்துவிட்டான் சின்னவன்.
ரசம் ஆடியது.

அவனுக்கு நெகேமியா என்று பேர்.
மதில் கட்டியவர் பேர்தான்.
எங்கள் மதிலில் முதல் பூச்சு காயுமுன்
இரண்டு கையையும் பதித்துவிட்டு,
"நான் இல்லை" என்றான்,
உள்ளங்கை மோராக.

மூன்று நாளைக்கொருமுறை ஆற்றுத்தண்ணி.
விடியுமுன் நாலரைக்குக் குழாய் இருமும்.
பிரஷ் கழுவ ஒரு வாளி,
பின்பக்கத்துப் பாத்திக்கு ஒரு வாளி,
மிச்சம் குடிக்க.
பாத்தியைக் கொத்தும்போது வந்தவை:
அரை செங்கல், ஒற்றைக் கொலுசு,
யாரோ தேடிச் சலித்த சாவி.
ஊறவைத்த வெண்டை விதைகளைப் போட்டு மூடினேன்.
முளைத்துவிட்டதா என்று
தினமும் தோண்டிப் பார்த்தான் நெகேமியா.

பச்சை அடித்த கேட்டில்
மதியக் காற்றுக்கு வேப்பம்பூ வந்து ஒட்டியது.
பிய்த்தால் பெயிண்டும் வருகிறது.
இருக்கட்டும் என்று விட்டோம்.

செவ்வாயோ புதனோ,
பீரோ நின்ற மூலையைச் சுரண்டப் போனவர்
தகடும் கையுமாக நின்றுவிட்டார்.
சுவிட்ச் பெட்டிக்குக் கீழே
குளவிக்கூடு.
கட்டைவிரல் அளவு மண்.
பச்சை மண்.

"உனக்கா?" என்று பார்த்தார்.
நாற்பத்து மூன்று வயதில் எனக்கா?
சிரித்தேன்.
அப்புறம் இரண்டு பேருக்கும்
ஒரே நேரத்தில் லிடியா ஞாபகம் வந்தது.
அவர் தங்கை.
தூத்துக்குடியிலிருந்து
சனிக்கிழமை வருகிறாள், புருஷனோடு.
கல்யாணமாகி ஒன்பது வருஷம்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
மச்சத்தைச் சுற்றிச் சவரம் செய்வதுபோல
கூட்டைச் சுற்றி மெதுவாக அடித்துக்கொண்டு போனார்.

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில்
ஏழு வார்த்தைக்கும் முழங்காலில் இருந்தேன்.
நகக்கண்ணில் நீர்மோர்.
என்ன கேட்டேன் என்று
எனக்கும் அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை வந்தாள்.
வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு,
"நல்லாருக்கு மதினி. இந்த இடத்த மட்டும்
ஏன் விட்டுட்டிய?" என்றாள்.
நான் காப்பிக்குப் பால் எடுக்க உள்ளே போனேன்.
ஜெபசிங் இருமினார்.
நெகேமியாதான் சொன்னான்:
"குளவி கூடு கட்டுனா பாப்பா வருமாம் அத்தை.
அக்கா சொன்னா."

பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

லிடியா குனிந்து,
கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தாள்.
"ஓட்டை போட்டிருக்கு பாரு.
இது பறந்துட்டுல."
பிறகு சிரித்தாள்,
வாயைப் பொத்தாமல்.
"ஏண்ணே, மிச்சப் பெயிண்ட் இருக்கா?
எங்க பாத்ரூம் கதவு பல்லைக் காட்டுது."

ஈஸ்டர் மதியம் சொதியும் இஞ்சிப் பச்சடியும்.
கை கழுவப் போனவள் பின்பக்கமிருந்து கூப்பிட்டாள்.
நெகேமியா தோண்ட மறந்த ஓரத்தில்
மூன்று வெண்டை,
விதைத்தொப்பியைக் கழற்றாமலே நின்றன.

அரை டப்பா பெயிண்டைச் சாக்கில் சுற்றிக்
காலுக்கிடையில் வைத்துக்கொண்டு
தூத்துக்குடி பஸ் ஏறினாள்.
கூட்டை உடைக்கச் சொல்லவில்லை.
வைத்திருக்கவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கவுண்டரில்
மணியார்டர் பாரத்தை நீட்டிய ஒருவர்
என் விரலைப் பார்த்து,
"என்ன கலரும்மா?" என்றார்.
நுங்கு என்றேன்.