கொக்கி

தரமணியில் மே மாதம், முப்பத்தொன்பது டிகிரி.
இன்குபேட்டருக்குள் முப்பது.
ஈஸ்டுக்கு வாய்த்த வானிலை எனக்கு வாய்க்கவில்லை.
கதவைத் திறந்ததும் முகத்தில் மோதும்
ரொட்டிக்கடை வாசனைக்காக
இன்னும் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கிறேன்.

இடது தட்டில் ஏழு புள்ளி.
வலது தட்டில் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டிலும் விஷம் கலந்திருக்கிறது. கானவனின் என்று பெயர்,
உணவுபோல வேஷம் கட்டி வரும்.
வாசல் ஒழுங்காக இருக்கிற செல்
அதை உள்ளே அழைத்துச் செத்துப்போகும்.
வாசலை எழுதிய வரியில் பிழை விழுந்த செல்
திறக்கத் தெரியாமல் பிழைத்துக்கொள்ளும்.
பிழைத்தல்: தவறுவதற்கும் உயிரோடிருப்பதற்கும்
நம்மிடம் ஒரே சொல்.
இதை ஆய்வுக்கட்டுரையில் போட முடியாது.

வலது தட்டு ஈஸ்டில் ஒரு மரபணு இல்லை.
ஜனவரியில் நானும் ஜெசிந்தாவும் சேர்ந்து நீக்கினோம்.

அது இருக்கிற செல்லில் நடப்பது இது.
ஒன்றரை மணிக்கொரு முறை
ஒரு கோடியே இருபது லட்சம் எழுத்தையும்
நகலெடுத்தாக வேண்டும்.
எடுக்கிற நொதி கெட்டிதான், ஆனாலும் கை தவறும்.
சி வர வேண்டிய இடத்தில் டி.
அல்லது ஓர் எழுத்து விட்டுப்போய்
எதிர் இழையில் ஒன்று ஜோடியில்லாமல்
துருத்தி நிற்கும், அவசரத்தில் தைத்த ரவிக்கையில் சுருக்கம்போல.

பின்னாலேயே இரண்டு புரதங்கள் கைகோத்து
இழையைக் கவ்விச் சறுக்கிக்கொண்டு வரும்.
அவற்றுக்கு வாசிக்கத் தெரியாது.
பொருந்தாத இடம் லேசாக வளைந்து கொடுக்கும்,
அங்கே நின்றுவிடும்.
ஆள் கூப்பிடும். வேறிரண்டு வந்து
புது இழையை வெட்டும்.
வெட்டிய வாயிலிருந்து இன்னொன்று தின்னத் தொடங்கும்,
ஒரு தப்பெழுத்துக்காக நூற்றுக்கணக்கில் நல்லெழுத்து.
பிறகு பழையதைப் பார்த்து எல்லாம் மறுபடி எழுதப்படும்.

எது சரி என்ற கேள்வியே அங்கே எழாது.
எது இப்போது எழுதியது, அதுதான் விஷயம்.
அதுவும் புது இழையில் ஒட்டாத கீறல் இருக்கும் வரைக்கும்.
கீறல் மூடிவிட்டால் இரண்டும் பழசு.

போன செவ்வாய் வேளச்சேரி இ-சேவை மையத்தில்
டோக்கன் நாற்பத்தாறு.
என் பெயர் அருள்விழி.
சைதாப்பேட்டை ஆஸ்பத்திரியில் யாரோ
வ-வின் தலையில் ஒரு கொக்கி போட மறந்ததில்
பிறப்புச் சான்றிதழில் நான் அருள்வழி.
"அதுவும் நல்லாத்தானேம்மா இருக்கு"
என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
"பழைய ரெக்கார்டுதான் கணக்கு.
மார்க் ஷீட்டு, பான் கார்டு, பாஸ்புக்கு,
எல்லாத்தையும் இதுக்கு மாத்திட்டீங்கன்னா பிரச்சனையே இல்ல."
ஒரு கொக்கிக்கு முப்பத்தொரு வருஷத்தைத் தின்னச் சொல்கிறார்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.
அவர் முன்னால் இரண்டு தாள், ஒன்றோடொன்று சேராமல்.
வளைந்த இடத்தில் நின்றுவிட்டார்.
நாற்பத்தேழு எழுந்து வந்தது.

பறக்கும் ரயில் பாலத்துக்குக் கீழே
கரும்புச்சாறு குடித்தபடி அவளை நினைத்தேன்,
அருள்வழி. கொக்கி இல்லாமல் வளர்ந்தவள்.
அவளை வீட்டில் "விழி, கேஸை அணை" என்று
யாரும் கத்தியிருக்க மாட்டார்கள்.
எந்த விஷத்துக்கு அவள் வாசல் திறக்காமல் இருந்திருக்கும்?
ஐஸ் போடாதீங்க என்று சொல்ல மறந்திருந்தேன்.

இருநூற்றுப் பதினொன்று. இருநூற்றுப் பன்னிரண்டு.
ஓரத்தில் இரண்டு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன,
அல்லது ஒன்றுதான், கொஞ்சம் நீளமாக.
ஜெசிந்தா எண்ணினால் இரண்டு என்பாள்.
நோட்டில் ஒன்று என்று எழுதிவிட்டு
தட்டின் மூடியில் தேதி போடுகிறேன், பெயர் போடுகிறேன்.
மார்க்கர் காய்ந்துகொண்டு வருகிறது.
அருள் வரைக்கும் எழுதியது.