இரண்டு பெருநாள்களுக்கு இடையே

கார்ஸ் நகரத்துப் பனியில்
நோன்பு திறந்த கையோடு வருகிறான் துர்சுன்.
கோட்டுக்குள், இடது அக்குளில்,
மூடி திருகிய சின்னக் குப்பி.
சூடு ஆறக் கூடாது, ஒரு மணி நேரம் தாண்டக் கூடாது என்று
நான்தான் சொல்லியிருந்தேன்.
முட்டை திருடியவன்போல்
தோளைச் சாய்த்து நிற்கிறான்.

பகலில் எடுத்தால் நோன்பு முறியுமா என்று
முஃப்தி அலுவலகத்துக்குப் போன் செய்தானாம்,
லாரியின் கண்ணாடியை ஏற்றிவிட்டு.
முறியும் என்றார்களாம்.
அதனால் ரமலான் மாதச் செவ்வாய்களில்
என் ஆய்வுக்கூடத்துக்கு
இரவில்தான் விடிகிறது.

ஏழு வருடம் குலிஸார்தான் வந்துகொண்டிருந்தாள்.
அவள் குழாய்களில் சாயம் ஏற்றிப் பார்த்தோம்.
அவள் ரத்தத்தை மாதாமாதம் விசாரித்தோம்.
எல்லாம் சரி என்று எழுதிய காகிதங்கள்
ஒரு தலையணை உயரம் சேர்ந்த பிறகுதான்
இந்தக் குப்பி
கதவைத் தட்டியது.

கண்ணாடிக் கட்டத்தில் ஒரு சொட்டு.
எண்ணுகிறேன்.
சில நீந்துகின்றன.
சில நின்ற இடத்திலேயே தலையாட்டுகின்றன.
ஒன்று தன் வாலையே துரத்துகிறது.
மில்லி ஒன்றுக்கு
ஒரு கோடியே பத்து லட்சம்.
"கோடியா?"
முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு.
இந்தக் கணக்கில் கோடி வைத்திருப்பவனும்
ஏழைதான் என்பதை
எங்கிருந்து தொடங்கிச் சொல்ல?

"நோன்பாலா?" என்கிறான் கொஞ்சம் கழித்து.
இல்லை, துர்சுன்.
நான் எண்ணியது இன்றைய பசியை அல்ல.
ஒரு விந்தணு முதிர எழுபது நாள் சொச்சம் ஆகும்.
இவை புத்தாண்டுக் குளிரில் விதைத்தவை.
எர்சுரும் சாலையோரத்துச் சுஜுக் பொரியலும்
நள்ளிரவுக் கோலாவும்
சூடேற்றும் இருக்கையும்
நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட்டும்
ஊட்டி வளர்த்தவை.
இந்த மாதத்துப் பட்டினி என்ன சொல்கிறதென்று
ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டித்தான் தெரியும்.

விரல் விட்டுப் பார்க்கிறான்.
ஒரு பெருநாளிலிருந்து மறு பெருநாளுக்கு
ஏறக்குறைய அதே எழுபது.
"தள்ளாத வயதில் பிள்ளை பெற்றவரின் பெருநாள்"
என்கிறான்,
என்னிடம் அல்ல, குப்பியிடம்.

துர்சுன் என்றால் எங்கள் மொழியில் 'நிற்கட்டும்'.
இவனுக்கு முன் பிறந்த நால்வர்
நிற்கவில்லையாம்.

டாக்டர் இஸ்கெந்தரும் அறுதியிட்டுச் சொல்வதில்லை.
தொப்பை கரைந்தால் நல்லது என்கிறார்.
எலும்பு தெரியப் பட்டினி கிடந்தால்
விந்தும் பட்டினி கிடக்கும் என்கிறார்.
நடுவில் இருக்கும் ஊர்களுக்கு
இன்னும் சரியான வரைபடம் இல்லை.

ஊருக்கோ சந்தேகமே இல்லை.
மலைத்தேன், மகரந்தம், காரோப் பாகு,
போர்வையில் சுற்றிய வாத்து,
எல்லாம் வருவது குலிஸார் பெயருக்கு.
வாங்கி, நன்றி சொல்லி, கதவைச் சாத்தி
அவனுக்கு எடுத்து வைக்கிறாள்.
சஹர் நேரத்தில்
விளக்குப் போடாமல் தின்கிறான்
மனைவியின் மருந்தை.

பனி உருகிச் சேறானது.
சேறு காய்ந்து புல்லானது.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள்,
பட்டப்பகல்,
கோட்டு இல்லை.
சட்டைக்குள் குப்பி, கையில் குர்பானிப் பங்கு,
செய்தித்தாள் சுற்றி, ரத்தம் ஊறி.
இரண்டையும் மேசைமேல் வைக்கிறான்.
ஒன்றைக் குளிரிலும் ஒன்றைச் சூட்டிலும் வைக்கிறேன்.

ஒரு கோடியே நாற்பது லட்சம்.
ஏழ்மைதான் இன்னும்.
ஆனால் நேராக நீந்துபவை கூடியிருக்கின்றன.

"எதனால்?"
பசியா, வால்நட்டா, வயிற்றில் குறைந்த ஆறு கிலோவா?
"பெருநாளன்று ஒரு சிகரெட் பற்றவைத்தேன்.
இருமல் வந்தது, அணைத்தேன்.
அப்புறம் மறந்துபோச்சு" என்கிறான்,
குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல்.
அதுவாகவும் இருக்கலாம்.
எதுவுமே இல்லாமல், வெறும் ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம்.
என் படிவத்தில்
'எதனால்' என்றொரு கட்டம் கிடையாது.

அடுத்த தேதி ஆகஸ்ட்டில் குறித்துக் கொடுக்கிறேன்.
நான்காக மடித்து
ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால் செருகுகிறான்.

ஜன்னல் வழியே பார்க்கிறேன்.
லாரிக் கதவிடுக்கில் வைத்து
வால்நட் உடைக்கிறாள் குலிஸார்.
ஓடு சிதறுகிறது தார்ச்சாலையில்.
அவன் ஏறி அமர்ந்து கை நீட்டுகிறான்.

முதல் பருப்பை
அவள் தன் வாயில் போட்டுக்கொள்கிறாள்.