எட்டு மயிரிழை

ரஃபேலாவில் ஜூலை என்றால் குளிர்காலம்.
பட்டறையின் தகரக் கதவுக்கடியில் பனிக்காற்று ஊர்கிறது.
ஸ்டாண்டில் ஆறு சிலிண்டர் எஞ்சின், வாய் திறந்தபடி.
மிலெனாவின் பள்ளிப் பையிலிருந்து
கேட்காமல் எடுத்துவந்தேன் பச்சைக் களிமண்.
நேற்றுவரை அது ஓர் ஆமை.
அதன் முதுகைப் பிய்த்து, லேசாய் எண்ணெய் தொட்டு,
முதல் பிஸ்டனின் நெற்றியில் அப்பினேன்.

ஹெட்டை இறக்கி, போல்ட்டுகளை முறையாய் முறுக்கி,
நீளக் கம்பி மாட்டி கிராங்கைச் சுற்றுகிறேன்.
இரண்டு முழுச் சுற்று.
பந்தயத்தில் இது நிமிடத்துக்கு எட்டாயிரம்.
இப்போது ஒரு சுற்று முடிவதற்குள்
வெளியே ஒரு சோயா லாரி வந்து, கடந்து,
ஓசையும் தேய்ந்துவிட்டது.
ஓரிடத்தில் கை கொஞ்சம் கனத்தது.
களிமண்ணா, பயமா, தெரியவில்லை.

ஹெட்டைத் தூக்கினால்
ஆமை முதுகில் இரண்டு பிறைகள்.
பிளேடால் குறுக்கே வெட்டி அளந்தேன்.
காற்றை உள்ளிழுக்கும் வால்வு சரி.
புகையை வெளியேற்றுவது,
மிக மெலிந்த இடத்தில்
ஒன்று புள்ளி ஒன்பது நான்கு மில்லிமீட்டர்.
வேண்டியது இரண்டரை.

மயிரிழையில் தப்பினான் என்று ஊரில் பேசுவார்கள்.
மயிரை நான் மைக்ரோமீட்டரில் அளந்திருக்கிறேன்,
என்னுடையதையே:
ஒரு மில்லிமீட்டரை நூறாக்கினால் ஏழு பங்கு.
ஆக, எட்டு மயிர் குறைகிறது.

"எட்டு மயிர்தானே, நெலிதா!"
என்கிறான் எவாரிஸ்தோ.
ஞாயிற்றுக்கிழமை அவன் ஓட்ட வேண்டும்.
டயருக்குக் காசு கொடுத்தவன் வேறு
நாளைக்கு இரண்டு முறை போன் செய்கிறான்.

வேகத்தில் ராடு நீளும்,
கியர் தப்பி விழுந்தால்
வால்வு வீடு திரும்பத் தாமதமாகும்,
பிஸ்டன் அதற்காகக் காத்திருக்காது.
இதையெல்லாம் போன வருடமே சொன்னேன்.
அவனும் தலையாட்டினான்.

இம்முறை களிமண் துண்டைக் கையில் கொடுத்தேன்.
விளக்கடியில் திருப்பிப் பார்த்தான்.
பிறைக்குப் பக்கத்தில், வால்வு தொடாத ஓரத்தில்,
என் மகளின் கட்டைவிரல் ரேகை
அப்படியே.

ஆறிப்போன மாத்தேயை உறிஞ்சினான்.
பிறகு ஸ்பேனரைத் தேடினான்.
ஆறு பிஸ்டனிலும் பள்ளம் ஆழமாக்க வேண்டும்,
திரும்ப எடைபோட வேண்டும்.
ஞாயிறு போயிற்று.

காலையில் மிலெனா கேட்பாள்.
நான்கு காலும் தலையும் மேசைமேல் இருக்கின்றன.
முதுகுதான்
நாளைக்கும் வேண்டும்.