கோணிப் பாதை

கானாடுகாத்தான். பதினாறு அறை ஹோட்டல்.
முன்பு எட்டுப் புள்ளிக்குப் பங்கு வீடாம்;
ரங்கூனுக்கு அதெல்லாம் தெரியாது.
அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்:
ஆத்தங்குடிக் கல் வழுக்கும்.

பின்னங்கால்கள் ஆளுக்கொரு திசையில் போக
வளவின் நடுவில் உட்கார்ந்துவிட்டது, ஆவணியில் ஒரு நாள்,
வேண்டுமென்றே உட்கார்ந்ததுபோல
முகத்தை வைத்துக்கொண்டு.

காரைக்குடியில் டாக்டர் உமையாள்
இடுப்பு மூட்டை மடக்கி, நீட்டிப் பார்த்தார்.
"தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான். மிச்சத்தைக் காப்பாத்தலாம்.
இருபத்தாறு கிலோ. நாலைக் குறைங்க.
காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் நடக்கட்டும்.
உங்க தலைவலி மாத்திரையை மட்டும்
பாவம் பார்த்துக் கொடுத்திடாதீங்க."

சமையல் ஆண்டியப்பனுக்குத்தான் தாங்கவில்லை.
எலும்புக்கு வாலாட்டும் நாய்க்குச்
சுரைக்காய் போடக் கை வரவில்லையாம்.

நான் அரிசிக் கோணிகளைப் பிரித்துத் தைத்து
முகப்பிலிருந்து அடுப்படி வரை விரித்தேன்.
பூக்கல்லின் மேல் ஒரு வண்டித்தடம்.
விருந்தாளிகள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.
ரங்கூன் அதன்மேல் மட்டும் நடந்தது,
ரயில் மாதிரி.

தையில் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.
"அந்தச் சாக்கை எடுங்கப்பா."
எடுத்தேன்.

கல்லின் விளிம்பில் நின்றது ரங்கூன்,
ஊருணிப் படியில் நீச்சல் தெரியாதவன் நிற்பதுபோல.
ஒரு காலை வைத்தது.
எடுத்துக்கொண்டது.

விளக்குகள் எரிய, எல்லோரும் பார்க்க,
மார்புக்கும் தொடைக்கும் கைகொடுத்துத் தூக்கினேன்.
தூக்கிய பிறகுதான் தெரிந்தது,
சுரைக்காய் வேலை செய்திருக்கிறது.

"கட்" என்றார் யாரோ.
நான் பாதி வளவுதான் கடந்திருந்தேன்.